இலவசப் பதிப்பின் மேல் போட்ட பழி

உங்கள் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, "என்ன, ஒரு ரேடியோகூட இல்லையா வீட்டுல?" என்று கேட்டார். அப்பா சிரித்து மழுப்பிவிட்டுப் பேச்சை மாற்றினார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றேன்.

என் தங்கை திலகவதி உங்கள் அண்ணியோடு படகுத்துறைக்குப் போயிருக்கிறாள். கோலா சுங்கை பாரு வரை வந்துவிட்டு மீன் வாங்காமல் போகக் கூடாதாம். அவள் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பாள், நேரமாகும். அதற்குள் சொல்லிவிடுகிறேன். இன்னும் நமக்கு நாள் குறிக்கவில்லை. கேட்டபிறகு என்னைக் கட்டுவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

திலகாவின் கல்யாணம் மணவறைவரை வந்து நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எங்கள் வீட்டில் பெண் கேட்டீர்கள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கோளாறு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊரே அப்படித்தான் சொல்கிறது.

பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மணியம் அண்ணன் மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாணம், கோயில் திருவிழா, சாவு வீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். கேசட் காலத்தில் அவரிடம் இரண்டு பிஸ்கட் டின்கள் இருந்தன. சிவப்பு டின்னில் மங்கலப் பாட்டுகள். கறுப்பு டின்னில் சாவு வீட்டுப் பாட்டுகள். இரண்டையும் வேனில் ஒரே பக்கம் வைக்க மாட்டார். கறுப்பு டின்னைத் தொட்ட கையைக் கழுவாமல் சிவப்பு டின்னைத் தொட மாட்டார்.

போன வருடம் ஒரு தொழிற்சாலையை மூடியபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்தார். எனக்கு அப்போது வேலை இல்லை. ரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு, பொருளாதாரம் விழுந்த நேரத்தில், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். "படிச்ச புள்ள, நீதாம்மா இதுக்கு உயிர் குடுக்கணும்" என்றார். மலாக்கா டவுனில் ஒரு சைபர் கஃபேயில், பாட்டுகளை அடுக்கிவைக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தேன். இலவசப் பதிப்பு.

அந்த இலவசப் பதிப்பில் இரண்டு குறைகள். எல்லாப் பாட்டும் ஒரே குவியலாகத்தான் கிடக்கும், பிரித்து வைக்க முடியாது. அதோடு, கொஞ்ச நேரம் ஓடியபின் நாம் கேட்ட பாட்டை விட்டுவிட்டு, குவியலில் எதையாவது தானே எடுத்துப் போடும். எரிச்சல்பட்டு நாம் காசு கட்ட வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. காசு கட்டினால் தனித்தனிப் பெட்டிகள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் வைத்துப் பூட்டலாம், பாட்டு தாவாது.

மணியம் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். "ப்ரீயா குடுக்குறான்லா, அப்புறம் எதுக்கு அமெரிக்காக்காரனுக்குக் காசு?" என்றார்.

கோயிலில் ஒருநாள் அபிஷேகம் நடக்கும்போது பாட்டு தாவியது. பக்திப் பாட்டு நின்று, சினிமா ஆட்டப் பாட்டு ஒன்று தொடங்கியது. கூட்டத்தில் ஒருவர், "மணியம், ஆத்தாளுக்கே டப்பாங்குத்தா?" என்றார். குருக்களே சிரித்துவிட்டார். "ப்ரீ வெர்ஷன்லா, அப்படித்தான் இருக்கும்" என்று மணியம் அண்ணன் ஒவ்வொருவரிடமும் போய் விளக்கம் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் தாவும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது.

திலகாவுக்கு வைகாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். நல்ல நாள் என்பதால் மேளக்காரர்கள் ஒருவரும் கிடைக்கவில்லை. சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். கெட்டிமேளமும் மணியம் அண்ணனின் கம்ப்யூட்டரில்தான் என்று முடிவானது. கம்ப்யூட்டரை நான் பார்த்துக்கொள்வேன் என்று திலகாதான் சொன்னாள். "அக்கா இருந்தா எனக்குப் பயமே இல்ல" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. கோயிலில் தாவியது கல்யாணத்தில் தாவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். டியூஷன் காசில் வங்கி வரைவோலை எடுத்து அமெரிக்க முகவரிக்கு அனுப்பினேன். கல்யாணத்துக்குச் சில நாட்களுக்கு முன் மின்னஞ்சலில் பதிவு எண் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அது என் தங்கைக்கு நான் கொடுக்கும் கல்யாணப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன். பாட்டுகளைப் பெட்டிகளாகப் பிரித்தேன். சாவு வீட்டுப் பெட்டியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். மறக்காத சொல்லாக இருக்க வேண்டும் என்று அவளுடைய பெயரையே வைத்தேன்.

ஆகவே கல்யாணத்தன்று அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது இலவசப் பதிப்பு இல்லை. அது தாவாது. தாவ அதற்கு வழியே இல்லை.

மஸ்ஜித் தானா டவுனில் உள்ள டேவான் மண்டபத்தில் கல்யாணம். காலையில் நான் திலகாவுக்குப் பின்னால் பூத்தட்டை ஏந்தி மேடை ஏறப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா இருசம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாகப் பிடிக்கவில்லை, மெதுவாகத்தான்.

"நீ மூத்தவதானம்மா? ஒனக்கு இன்னும் ஆகல. மணவறைகிட்ட நிக்காத, நல்லா இருக்காது. அந்த பாட்டுப் பெட்டிகிட்டயே இரும்மா."

பக்கத்தில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். திலகா கேட்டாள். கேட்டது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்கள். நான் இறங்கி வந்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எனக்கு அதில் வருத்தமில்லை என்று இத்தனை மாதமும் எனக்கே சொல்லிவந்தேன். நான் அறிவியல் படித்தவள். மணவறைக்கு அருகில் யார் நிற்கிறார்கள் என்பதால் ஒருவருடைய வாழ்க்கை மாறாது. மாறும் என்று நம்புகிற வீட்டில்தான் என் தங்கை போய் வாழப்போகிறாள். நாளைக்குப் பல்லி கத்தினாலும் அவள்மேல்தான் பழி விழும். அப்படிப்பட்டவர்கள் ஒரு சத்தத்துக்காக ஒரு பெண்ணை வேண்டாம் என்பார்களா, மாட்டார்களா என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது. ஒரு பரிசோதனை. அவ்வளவுதான்.

மணியம் அண்ணன் பசியாறப் போயிருந்தார். "கெட்டிமேளம் மட்டும் மறந்துறாதம்மா, குருக்கள் கைய தூக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவு வீட்டுப் பெட்டியைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்டது. தங்கையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். நிறுத்த வேண்டும் என்றால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்தப் பூட்டு அதற்காகத்தான் இருந்தது, போட்டதும் நான்தான்.

கெட்டிமேளம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். தாலி ஏறும் நேரத்தில் ஒரு தும்மலோ அழுகையோ கெட்ட சொல்லோ யார் காதிலும் விழக் கூடாது என்பதற்காக. அதனால்தான் அந்த நேரத்தில் எல்லாரும் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். குருக்கள் கையைத் தூக்கி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். நான் அழுத்தினேன்.

சங்கும் சேகண்டியும் கேட்டன. பிணத்தை வீட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது ஊதுவார்களே, அந்தச் சங்கு. இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. அட்சதை போட எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தாலி மாப்பிள்ளையின் கையிலேயே இருந்தது. இருசம்மாள் அதை அவர் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்தார். "எந்திரிப்பா" என்றார்.

அதன்பிறகுதான் நான் பாட்டை நிறுத்தினேன்.

"ஐயோ, ப்ரீ வெர்ஷன்லா, தாவிருச்சுங்க" என்று கத்திக்கொண்டு மணியம் அண்ணன் வாயில் இட்லியோடு ஓடிவந்தார். நான் பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே எனக்காகச் சொல்லிவிட்டார். அப்பா அவரை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். அப்பா அவரைவிட வயதில் பெரியவர் என்பதால் மணியம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு முன்னால் நின்றார். என்மேல் அடி விழுந்துவிடக் கூடாதாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு ஆவணியில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. திலகா பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். "சங்கு டீச்சர்" என்று பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அவள் காதுக்கு வந்தது. வேலையை விட்டுவிட்டாள். வீட்டு ரேடியோவைத் துணியில் சுற்றி எங்கோ கொடுத்துவிட்டாள். உங்கள் அண்ணி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

மணியம் அண்ணனை இப்போது கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. சாவு வீடுதான். சிவப்பு டின்னை அவர் மனைவி அரிசி போட எடுத்துக்கொண்டார். ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து திலகாவின் முன் கைகூப்பினார். "என் கஞ்சத்தனத்தாலதாம்மா ஒன் வாழ்க்கை போச்சு" என்று அழுதார். என்னிடம் ஓர் உறையை நீட்டி, "இப்பவாச்சும் புல் வெர்ஷன் வாங்கிருவோம்மா" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பதிவான மென்பொருளில் ஏதோ எண்ணைத் தட்டுவதுபோல் அவர் கண் முன்னால் நடித்தேன். அவர் திரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

திலகா அன்றைக்கெல்லாம் என்னைத்தான் தேற்றினாள். "நீ அழுவாதக்கா, நீ என்ன செய்வ? மெஷினு செஞ்சதுக்கு நீ என்ன செய்வ?" என்றாள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணப் புடவையைக்கூட அவள் அதுவரை அவிழ்த்திருக்கவில்லை. என் கன்னத்தில் சரிகை குத்தியது.

பரிசோதனை என்று சொன்னேன். பரிசோதனை என்றால் இருசம்மாளின் முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. சங்கு ஊதியபோது திலகாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்து என்னைத் தேடுகிறவரை பார்த்தேன்.

நான்தான் செய்தேன். தெரிந்து, கடவுச்சொல் போட்டுச் செய்தேன். என் தங்கையின் கல்யாணத்தை நான் நிறுத்தினேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். இவ்வளவு வெட்கத்தை வைத்துக்கொண்டு ஒருவரோடு குடும்பம் நடத்த முடியாது.

அதோ, கையாட்டுகிறாள். பையைத் தூக்கிக் காட்டுகிறாள். "அக்கா, கெம்போங் மீன் மட்டுந்தான் இருக்காம்! மாமாவுக்குப் பிடிக்குமான்னு கேளு!" என்கிறாள். தலையாட்டுங்கள், பாவம்.

அவள் வந்துவிடுவாள். இரண்டு விஷயம் மட்டும். இதையெல்லாம் கேட்ட பிறகும் உங்களுக்குச் சம்மதம் என்றால், மைக் செட் வேண்டாம். எவ்வளவு தூரத்திலிருந்து ஆனாலும் உண்மையான மேளக்காரர்களை வரவழைத்துவிடுங்கள். எனக்குச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, அது உங்களுக்கே தெரியும்.

அப்புறம், அன்றைக்குத் திலகா மேடைக்கு வராமல் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும் என்று உங்கள் அண்ணியை விட்டுப் பக்குவமாகச் சொல்லச் சொல்லுங்கள்.