எட்டிலிருந்து ஒன்பது வரை என் முறை

எட்டு இருபது. முதலாவது பீரங்கிச் செல் கடலில் விழுகிறது. தொப்பென்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர் திரும்பக் கொட்டும் சத்தம். இரண்டாவது கரையில். அது வேறு சத்தம். தகரம் கிழிகிற மாதிரி. கோயில் யன்னல்கள் நடுங்குகின்றன. நான் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருக்கிறேன். எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. சுவர் மணிக்கூடு எனக்கு நேரே தொங்குகிறது. அதனால்தான் இதையெல்லாம் நிமிஷக் கணக்கில் சொல்ல முடிகிறது. பக்தி கூடியதால் அல்ல.

"ஓடுங்கோ! பங்கருக்கு ஓடுங்கோ!"

வெளியே யாரோ கத்துகிறார்கள். வாசலில் அந்தோனிப்பிள்ளையரின் தலை தெரிகிறது. அவர்தான் எங்கள் கோயிலின் சங்கிலித்தாம். திறப்பு, மணி, மெழுகுதிரி எல்லாம் அவர் பொறுப்பு.

"ஜெசிந்தா! அசையக்கூடாது! ஆண்டவரைத் தனிய விடக்கூடாது!"

சொல்லிவிட்டு ஓடுகிறார். அறுபது வயது மனுஷன். அப்படி ஒரு ஓட்டம் அவர் காலில் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

இடத்தைச் சொல்ல வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரை. சம்பூர்ப் பக்கம். நாற்பது வீடு. பாதிப்பேர் வேதக்காரர், பாதிப்பேர் சைவம். எல்லோருக்கும் கடல்தான் தொழில். அந்தப் பக்கம் முழுவதும் எழும்பி ஓடிய வருஷம் அது. யார் அடித்த செல் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி.

அன்று கோயிலில் நாற்பது மணி ஆராதனை. முதல் நாள் பின்னேரம் சுவாமியார் பட்டினத்திலிருந்து வள்ளத்தில் வந்து, ஆண்டவராகவே நாங்கள் வணங்குகிற நற்கருணை அப்பத்தைப் பீடத்தில் வைத்து ஆரம்பித்துவிட்டுப் போயிருந்தார். நாற்பது மணித்தியாலமும் அதற்கு முன்னால் ஒருவராவது விழித்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மணி. அந்தோனிப்பிள்ளையர் சிவப்பு மையால் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். எட்டு தொடக்கம் ஒன்பது, ஜெசிந்தா. அந்தப் பேரை வாசித்துவிட்டு நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

கரையில் இன்னொரு முறையும் இருந்தது. அதை ஒருவரும் எழுதி ஒட்டவில்லை. செல் விழத் தொடங்கினால், நடக்க ஏலாத ஆட்களை யார் யார் தூக்குவது என்பது. மீன்காரர் தங்களுக்குள் பேசி வைத்தது. தூக்கப்பட வேண்டிய ஆள் சட்டி மூடியில் கரண்டியால் மூன்று தரம் தட்ட வேண்டும். நான் இருக்கிறேன், இந்த இடத்தில் இருக்கிறேன், வாங்கோ என்று அர்த்தம். தூக்குகிற ஆள் வரும்வரை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். புகைக்குள் ஆளைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இருக்கவில்லை.

என் பொறுப்பு பாக்கியம். எங்கள் வேலிக்கு அடுத்த வேலி. சைவப் பிள்ளை. முப்பத்திரண்டு வயது. இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். கையால் சுற்றுகிற தையல் மெஷின் வைத்துக் கரையிலுள்ள எல்லோருக்கும் தைத்துக் கொடுத்தாள். அன்று பீடத்தில் விரித்திருந்த வெள்ளைத் துணிக்கு ஓரம் தைத்ததும் அவள்தான். மீன் ஏற்றுகிற தள்ளுவண்டிலில் அவளை வைத்து இரண்டு தரம் ஒத்திகை பார்த்திருந்தோம். கோயிலடியிலிருந்து அவள் வீடு இருநூறு அடி. அங்கிருந்து பங்கர் நாலு நிமிஷம்.

"பாரை மீனை ஏத்திற மாதிரி ஏத்திறீங்க அக்கா. ஐஸ் போட மறந்திட்டீங்க," என்று வண்டிலுக்குள் கிடந்து சிரித்தாள்.

எட்டு இருபத்திரண்டு. தட்டுச் சத்தம் கேட்கிறது.

டங். டங். டங்.

நான் செபமாலையைச் சத்தமாகச் சொல்லத் தொடங்குகிறேன்.

இதை நான் எந்தச் சாட்சியத்திலும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கேட்டது. தெளிவாகக் கேட்டது. செல் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் செல் விட்டுவிட்டுத்தான் விழுந்தது. இடையில் நல்ல அமைதி. அந்த அமைதிக்குள்தான் அவள் தட்டினாள். அவள் கெட்டிக்காரி.

எழும்பவில்லை. பயமா? பயம் இருந்தது. ஆனால் பயத்தில் இருந்தேன் என்றால் அது மன்னிக்கக்கூடிய விஷயம். நான் அதைவிடக் கேவலமான ஒன்றில் இருந்தேன். இது எனக்கு வந்த சோதனை என்று நினைத்தேன். ஆண்டவர் என் விழிப்பைச் சோதிக்கிறார், நான் அசையாமல் இருந்து தேறிக்காட்டப் போகிறேன் என்று நினைத்தேன். பாக்கியம் தட்டுகிற சத்தத்தை என்னைக் கலைக்க வந்த பராக்கு என்று நினைத்தேன். ஒரு மனுஷி உயிருக்குக் கூப்பிடுகிறாள். எனக்கு அது பராக்கு.

எட்டு முப்பது. செபம் வாயில் நின்றுவிட்டது. ஆனால் விரல் நிற்கவில்லை. முதல் தட்டிலிருந்தே, அவள் ஒவ்வொரு தரம் தட்டும்போதும் ஒரு மணி உருட்டியிருந்தேன். ஏன் என்று தெரியாது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. அதனால்தான் கணக்கு எனக்குத் தவறவில்லை.

எட்டு நாற்பத்தொன்று. மிகக் கிட்ட ஒன்று விழுகிறது. கோயில் நிலம் தூக்கிப் போடுகிறது. இரண்டு மெழுகுதிரி அணைகிறது. எழும்பிப் போய் அவற்றைக் கொளுத்தினேன். ஓம். அதற்கு எழும்பினேன். பிறகு திரும்ப முழங்காலில்.

தட்டுச் சத்தம் இல்லை.

ஒன்பது மணி. மணிக்கூடு அடிக்கிறது. எழும்பினேன். சிலுவை போட்டேன். வெளியே வந்தேன். அடுத்த முறைக்காரர் வரவில்லை. எப்படி வருவார்? ஆண்டவரைத் தனிய விடக்கூடாது என்ற சட்டம் ஒன்பது மணி ஒரு நிமிஷத்தில் எங்கே போனது? எங்கும் போகவில்லை. எனக்கு அது முதலே இருக்கவில்லை. எனக்கு இருந்தது என் பேருக்கு நேரே எழுதியிருந்த ஒரு மணித்தியாலம். அது முழுதாக முடிந்தது. போய்விட்டேன். அவ்வளவுதான் என் விசுவாசம்.

பாக்கியம் வீட்டுப் படலையில் ஒரு டிராக்டர் நிற்கிறது. மூதூரிலிருந்து கரைக்கு ஐஸ் கொண்டுவருகிற முஸ்லிம் ஆள். நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எந்த முறைப் பட்டியலிலும் அவருக்குப் பேர் இல்லை. அவர் பாக்கியத்தை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வருகிறார். அவருடைய சேட்டு முழுக்க இரத்தம். முற்றத்தில் இருந்த கிணற்றுக்கட்டு இப்போது இல்லை. தையல் மெஷின் வேலியில் கிடக்கிறது.

"ஏறுங்க தங்கச்சி! ஏறுங்க! அடுத்தது வந்திரும்!"

டிராக்டரின் பின்பெட்டிக்குள் ஏறினேன். உருகின ஐஸ் தண்ணீருக்குள் அவளுடைய தலையை மடியில் வைத்தேன். கரண்டி இன்னும் அவள் கையில். டிராக்டர் மூதூர் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது. நானா முன்னாலிருந்து கத்துகிறார்.

"மூடியத் தட்டிக்கிட்டே இருந்திச்சு இந்தப் புள்ள! ரோட்டு வரைக்கும் கேட்டிச்சு! தூக்க ஒரு ஆள் இல்லையா அங்க?"

நான் பாக்கியத்தின் நெற்றியைத் துடைத்தேன்.

பாக்கியம் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்தால் நான் இதை எழுதத் தேவையில்லை. சந்தோஷம்தான் இருந்தது.

"அக்கா, உங்களுக்கு ஒண்டும் இல்லையே? நீங்க வரேல்ல எண்டதும் உங்களுக்குத்தான் ஏதோ நடந்திட்டு எண்டு பயந்து போனன்."

ரோட்டில் பாலம் வருவதற்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். ஒன்பது முப்பத்தைந்து இருக்கும். அங்கே மணிக்கூடு இல்லை.

அகதி முகாமில் அந்தோனிப்பிள்ளையர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பங்கருக்குள் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்த மனுஷன். அவர்தான் கதையைத் தொடக்கிவைத்தார். செல் மழைக்குள் ஜெசிந்தா ஆண்டவரை விட்டு அசையவில்லை. கோயிலில் ஒரு ஓடும் உடையவில்லை. இது ஆண்டவர் செய்த புதுமை. பின்னேரத்துக்குள் முகாம் முழுக்க இதே கதை. தண்ணீர் வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள். நானும் முன்னுக்குப் போய் நின்றேன்.

சுவாமியார் மட்டும் புகழவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏன் அம்மா அங்கேயே இருந்தனீங்கள்?"

"தனிய விடக்கூடாது எண்டு சொன்னவை, சுவாமி."

"நற்கருணையைத் துணியில சுத்தி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாமே. இல்லாட்டி அப்பிடியே விட்டிட்டு ஓடியிருக்கலாம். கடவுளுக்குக் காவல் என்னத்துக்கு?"

அவருக்குச் சட்டிச் சத்தம் பற்றித் தெரியாது. நான் சொல்லவுமில்லை. அந்த மனுஷன் கதவைத் திறந்துவிட்டும் நான் உள்ளே போகவில்லை.

பிறகு வருஷக்கணக்காக என்னை மேடையில் ஏற்றினார்கள். தியானக் கூட்டம், பெண்கள் சபை, இளைஞர் ஒன்றியம். தலைப்பு எப்போதும் ஒன்றுதான். ஆவியில் விழிப்பாயிருத்தல். நான் மைக்கைப் பிடித்துச் செல் சத்தமெல்லாம் வாயால் செய்துகாட்டுவேன். கேட்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே ரோல்ஸும் பிளேன் டீயும் வைத்திருக்கிற மேசைக்குப் போவார்கள். ஒரு தரம் கொழும்பிலிருந்து வந்த அம்மா ஒருவர் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தார். மணி உருட்டின அதே கை. எடுக்காமல் விட்டேன்.

ஒருவராவது கேட்கவில்லை. உன் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஓடு உடையாத கதை போதும் அவர்களுக்கு.

இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஒரு விடுதியில் படுக்கை விரிப்புத் தோய்க்கிறேன். புதன்கிழமைகளில் செபக்கூட்டம். ஒரு செபமாலை முடிவதற்குள் மூன்று தரம் எழும்புவேன். படலை சத்தம் போட்டால் எழும்புவேன். அடுத்த வீட்டுக் குசினியில் பாத்திரம் விழுந்தால் எழும்பிப் போய், "என்ன பிள்ளை, ஒண்டும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு வருவேன். கூட்டத்துத் தலைவி ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"ஜெசிந்தாக்கா, உங்களை மாதிரி ஒரு விசுவாசி இப்பிடிப் பராக்குப் பார்க்கலாமோ? செபத்தைப் பாதியில விடுறது சரியில்லை."

"ஓம், சரியில்லைத்தான்," என்றேன். அப்போதும் எழும்பினேன். இதைப் புண்ணியம் என்று யாரும் எழுத வேண்டாம். பிந்தி வந்த புத்தி. பாக்கியத்துக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்த மாதம் அதே தலைவி திரும்ப வந்தார். இளைஞருக்கு ஒரு தியானமாம். பழைய சாட்சியத்தை எழுதித் தரட்டாம், அச்சடித்துக் கொடுக்கப் போகிறார்களாம். ஓம் என்றேன். எழுதியது இதுதான். முழுவதையும் அச்சடிக்கட்டும். ஏலாது என்றால் என் பேரையும் எடுத்துவிடட்டும்.

அன்று எங்கள் கரையில் போனவற்றின் கணக்கு.

வள்ளம் ஏழு. வீடு பதினெட்டு. கிணறு இரண்டு. ஆடு எத்தனை என்று ஒருவரும் எண்ணவில்லை. தையல் மெஷின் ஒன்று.

கோயில் ஓடு, ஒன்றுமில்லை. அந்தோனிப்பிள்ளையர் சொன்னது உண்மை.

விழிப்பு, என் முறை, அறுபது நிமிஷம். ஒரு நிமிஷமும் குறையவில்லை.

ஆட்கள், ஒருவர். பாக்கியம். தூக்குவதற்கு ஆள் இருந்தது. வண்டில் கோயில் சுவரில் சாத்தியிருந்தது.

அவள் தட்டியது இருபத்தாறு தரம். இருபத்தாறும் எனக்குக் கேட்டது.