போட்டாச்சு

அண்ணி: மறுபடியும் எழுந்துட்டியா? உக்காரேன்டி. நீ நடக்கறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது.

நாத்தனார்: பெஞ்சுல ஆணி குத்துது அண்ணி. நீங்க எப்படித்தான் சிலையாட்டம் உக்காந்திருக்கீங்களோ.

அண்ணி: அசைஞ்சா அழுதுடுவேன். அதான்.

நாத்தனார்: அழுங்களேன். கோர்ட்டு வராண்டாவுல அழறவங்களுக்கா பஞ்சம்?

அண்ணி: மணி என்ன?

நாத்தனார்: இப்பதானே கேட்டீங்க. ரெண்டு ஆகப்போகுது. ரெண்டேகாலுக்குத்தான் கூப்பிடுவாங்களாம்.

அண்ணி: அரசு வக்கீல் வேற என்ன சொன்னார்?

நாத்தனார்: அப்பீல்ல சாட்சிய திரும்பக் கூப்பிடறதே அபூர்வமாம். சமையல்காரம்மாவோட வக்கீல் விடாப்பிடியா நின்னு அனுமதி வாங்கிட்டாராம். ஒரே ஒரு விஷயம்தான் கேப்பாங்க. ஏழு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதையே சொல்லிட்டு இறங்கி வந்துடுங்க.

அண்ணி: "பின்கதவுக்கு நான்தான் தாழ்ப்பாள் போட்டேன்."

நாத்தனார்: அவ்வளவுதான்.

அண்ணி: அந்த ஒரு வரிக்கு அந்தம்மாவுக்கு ஆயுள் தண்டனை.

நாத்தனார்: அதுக்கு மட்டுமா? எங்கம்மா கழுத்த நெரிச்சு நகைய அள்ளிட்டுப் போன ரெண்டு பேருல ஒருத்தன் அவங்க அக்கா பையன். அன்னைக்கு சாயங்காலம்கூட அவன்கிட்ட ஃபோன்ல பேசியிருக்காங்க.

அண்ணி: தினமும்தான் பேசுவாங்க. சாப்பிட்டியா, சட்டை தோய்ச்சியான்னு. ஃபோனை மட்டும் வெச்சு சதின்னு சொல்ல முடியாதுன்னு வக்கீலே சொல்றார். நாம சினிமாவுக்குக் கிளம்பறப்ப தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. வீட்டுல அத்தையும் சமையல்காரம்மாவும் மட்டும். ஏழரைக்கு அவங்க முன்வாசல் வழியா கிளம்பிப் போறாங்க. எட்டு மணிக்கு அவனுங்க பின்பக்கமா வர்றானுங்க. கதவுல ஒரு கீறல் இல்ல. அப்போ தாழ்ப்பாளைத் திறந்து வெச்சது யாரு?

நாத்தனார்: அதான். வேற யாரு?

அண்ணி: என் கைய நம்பித்தான் இந்தக் கேஸே நிக்குது.

நாத்தனார்: என் காதையும் நம்பித்தான். சமையலறையில நின்னேன், தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டேன்னு நானும்தானே கூண்டுல ஏறிச் சொன்னேன்... அந்தப் பக்கம் பாக்காதீங்க.

அண்ணி: அது சமையல்காரம்மா பொண்ணுதானே? நம்ம சாப்பாட்டு மேசையில உக்காந்து வாய்ப்பாடு எழுதுமே... எப்படி வளர்ந்துட்டா. நீ வக்கீலப் பாக்கப் போனப்ப எழுந்து வந்து, தண்ணி வேணுமாம்மான்னு பாட்டிலை நீட்டினா.

நாத்தனார்: வாங்கினீங்களா?

அண்ணி: பாதி பாட்டிலைக் குடிச்சுட்டேன்.

நாத்தனார்: ஐயோ அண்ணி! உங்களுக்குக் கொஞ்சமாவது...

அண்ணி: தாகமா இருந்துச்சுடி. குடிச்சதுக்கப்புறம்தான் யாருன்னே உறைச்சுது. குட்டி... இங்கே வா. நிஜமாவே அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?

நாத்தனார்: என்ன அண்ணி, இப்ப போய்...

அண்ணி: சொல்லேன்.

நாத்தனார்: கேட்டுச்சுன்னுதானே கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி: கையெழுத்தை விடு. எனக்கு அந்தக் கதவுகிட்ட போன ஞாபகமே இல்லடி.

நாத்தனார்: மெதுவா! நாலு பேர் நடக்கற இடம்.

அண்ணி: வெளியே கிளம்பறப்பல்லாம் அத்தை எப்படிக் கேப்பாங்க? பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடற மாதிரி...

நாத்தனார்: "கேஸு?"

அண்ணி: "மூடியாச்சு."

நாத்தனார்: "மோட்டாரு?"

அண்ணி: "நிறுத்தியாச்சு."

நாத்தனார்: "பின்கதவு?"

அண்ணி: "போட்டாச்சு." பாத்தியா, இப்பக்கூட வாய் தானா சொல்லுது. யாரு எழுந்து போய்ப் பாத்தோம்? குளிச்சுக்கிட்டே சொல்லுவோம். உங்கண்ணன் ஒரு தடவ வெளியூர்லேருந்து ஃபோன்ல சொன்னாரே...

நாத்தனார்: அதுக்கும் அம்மா "சரி"ன்னாங்க.

அண்ணி: சிரிக்காத, எனக்கும் சிரிப்பு வருது. அன்னைக்கு நான் மாடியில கைக்கடிகாரத்தைத் தேடிக்கிட்டு இருந்தேன். அங்கேருந்தே கத்தினேன். திரும்பி வந்தா... அத்தை அப்படிக் கிடக்கறாங்க, போலீஸ் நிக்குது, உங்கண்ணன் என் தோளப் பிடிச்சு உலுக்கறார். போட்டியா இல்லையா, போட்டியா இல்லையான்னு. போட்டேன்னுட்டேன். அடுத்த நிமிஷமே நீ சொன்னே, சத்தம் கேட்டுச்சுன்னு.

நாத்தனார்: அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணி?

அண்ணி: அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏழு வருஷத்த ஓட்டினேன். நான் மறந்திருந்தாலும் இவ கேட்டிருக்காளேன்னு. கண்ண மூடினா அந்த வீட்டுல என்னையே நடக்க விட்டுப் பாப்பேன். படி இறங்கிடுவேன், சமையலறையத் தாண்டிடுவேன், கதவு வரைக்கும் வந்துடுவேன். கைய மட்டும் தூக்கவே முடியறதில்ல.

நாத்தனார்: நீங்க போட்டீங்க அண்ணி. போதுமா?

அண்ணி: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

நாத்தனார்: டீ வாங்கிட்டு வரவா?

அண்ணி: உக்காருன்னா!

நாத்தனார்: மாத்திச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? பொய்ச் சாட்சின்னு உங்க மேலயே கேஸ் வரும். அண்ணன் உங்கள வீட்டுல வெச்சிருப்பாரா? எங்கம்மாவக் கொன்னதே நீதான்னு காலம் பூராவும்...

அண்ணி: எல்லாம் யோசிச்சுட்டேன். அந்தப் பயம் பழகிப் போச்சு. இது வேற பயம். நான் போடலன்னு சொல்லி, நிஜத்துல போட்டிருந்தா? கொலைக்குத் துணை போனவள நானே கதவத் திறந்து வெளியே அனுப்பின மாதிரி ஆயிடாதா? போட்டேன்னு சொல்லி, போடாம இருந்திருந்தா... அதோ அந்தப் பொண்ணு. எனக்கு என்னையே நம்ப முடியல. உன்ன விட்டா யாருடி எனக்குச் சாட்சி?

டவாலி: மூணாம் சாட்சி யாரும்மா? நீங்களா? ஐயா வந்தாச்சு. உள்ள வந்து நில்லுங்க.

அண்ணி: இதோ வந்துட்டேன்... சீக்கிரம் சொல்லு. கேட்டுச்சுன்னா அதையே சொல்லிடறேன். நீ என்ன சொன்னாலும் நம்பறேன்.

நாத்தனார்: என் கைய விடுங்க அண்ணி.

அண்ணி: விட மாட்டேன். சொல்லு.

டவாலி: அம்மா, நேரமாவுது.

அண்ணி: குட்டி!

நாத்தனார்: நான் சமையலறையிலயே இல்ல அண்ணி. பின்கதவத் திறந்து, வெளியே படியில நின்னு ஃபோன் பேசிக்கிட்டு இருந்தேன். நான் காதலிச்சவன்கூட... அப்போ எங்க விஷயம் உங்க யாருக்கும் தெரியாது. கதவ ஒருக்களிச்சு வெச்சிருந்தேன். பேச்சு முடியல, அப்படியே வீட்டச் சுத்திக்கிட்டு வந்து கார்ல ஏறிட்டேன். அம்மா "பின்கதவு?"ன்னு கேட்டது என் காதுல விழுந்துச்சு. மாடியிலேருந்து நீங்க "போட்டாச்சு"ன்னு கத்தினதும் விழுந்துச்சு. அந்தக் கதவுலதான் சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தேன்... அவன்கிட்ட சொல்லிச் சிரிச்சேன் அண்ணி.