சொவத்துல மட்டும் கை வைக்காதீங்க

டிரில்லக் கீழ வைங்க தம்பி. மொதல்ல வைங்க. ரயான் சொன்னானா? ரயான் எம்புள்ள, இல்லன்னு சொல்லல. ஆனா சொவரு என்னுது. ஜூலியாவக் கூட்டிக்கினு எஸ்.பி. ரோட்டுக்கு ஏதோ ஒயரு வாங்கப் போயிருக்கான்ல, வரட்டும், பேசிக்கறேன். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க. காபியா? இன்னும் போடல. இன்னைக்கு எந்திரிச்சதே லேட்டு. வெயிலு மூஞ்சில அடிச்சப்புறம்தான் முழிச்சேன். என்னைக்கும் இப்படி ஆனதில்ல.

சேச்சே, உங்க மேல கோவமில்ல. மடிவாளாவுலேர்ந்து டிராஃபிக்ல வெந்து வந்திருக்கீங்க, பாவம். இந்தச் சொவத்தோட சங்கதி உங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான். அந்தாண்ட இருக்கறது யாரு தெரியுமா? ஆமா, ஜூலியாவோட அப்பன், ஓஸ்வால்ட்டு. எனக்கு மூத்தவன். கூடப் பொறந்தவன்தான், என்ன பண்றது. பேச்சுவார்த்த கெடையாது. எங்க ரெண்டு பேரு மானத்தையும் வாங்கணும்னே பசங்க கூட்டு சேந்து கம்பெனி வச்சிருக்குதுங்க. இந்த ஏரியா லேபு, நர்ஸிங் ஹோமு, எல்லாரோட எக்ஸ்ரேயும் ரத்த ரிப்போர்ட்டும் இதுங்க கம்ப்யூட்டர்லதான் இருக்குதாம். லிங்கராஜபுரத்துல எவனுக்கு எவ்ளோ சுகருன்னு எங்க வீட்டுக்குத் தெரியும். அதான் இப்பல்லாம் என்னப் பாத்து ஒருத்தனும் மொறைக்கறதில்ல.

சரி, வந்ததும் நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றேன். எட்டாங்கிளாஸோட நின்னுட்டு ஆட்டோ ஓட்டினவன், தப்பிருந்தா சொல்லுங்க. ரெண்டு சர்வரு. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். ஒண்ணு வேல செய்யும். இன்னொண்ணு கையக் கட்டிக்கினு உக்காந்து, அது எப்போ சாகும்னு பாத்துக்கினே இருக்கும். செத்துச்சுன்னா இது எந்திரிச்சு அந்த வேலையப் பாக்கும். சரியா? இதுக்குப் போயி கம்ப்யூட்டர் எதுக்கு தம்பி? எங்க வீட்டுல ரொம்ப நாளா ஓடிக்கினு இருக்கறதே இதான்.

ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டரு. அங்க கரண்ட் போனா இங்க இருக்கும். அப்பாவும் சித்தப்பாவும் சண்ட போட்டதுல ஒரே நல்லது இதுதான்னு ஜூலியா சொல்லிச்சு. வாயப் பாருங்க அதுக்கு. அப்படியே அவங்கம்மா பெர்னதெத் அண்ணி.

ஆனா பொட்டி மட்டும் ஒண்ணு. ஸ்டோரேஜு. எல்லா ரிப்போர்ட்டும் அதுலதான் இருக்கும். ரெண்டு சர்வர் கண்ணுக்கும் அது தெரியணும். ரெண்டுலேர்ந்தும் ரெண்டு ரெண்டு ஒயரு போகணும், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும். ஆனா எழுதறது ஒரு நேரத்துல ஒண்ணுதான். ரெண்டும் ஒரே சமயத்துல எழுதினா? அதானே, எல்லாம் நாசம். உங்களுக்குக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க, எங்களுக்கு போர்வெல்லு சொல்லிக் குடுத்துச்சு. மோட்டாரு ஒண்ணு, சுவிட்சு ரெண்டு வீட்லயும். நான் போடுவேன், அவன் அணைப்பான். அவன் போடுவான், நான் அணைப்பேன். ஒரு வெயில் காலத்துல மோட்டாரு கருகிப் போச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே தண்ணி லாரிக்குக் கொடத்தோட நின்னோம், ஆளுக்கொரு பக்கம் மூஞ்சத் திருப்பிக்கினு.

சிரிங்க சிரிங்க. உங்களுக்கென்ன.

பொட்டிய மாடிப்படிக்குக் கீழ இருக்கற ரூம்ல வைங்க. அது பொது. நான் தடுக்கல. சொவத்துல எதுக்கு ஓட்ட? அதச் சொல்லுங்க.

ஹார்ட்பீட்டா?

ம். இருக்கேன், இருக்கேன்னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கினே இருக்குமா? சத்தம் நின்னா ஆளு காலின்னு அர்த்தம். அதுக்குன்னு தனியா, நேரா ஒரு ஒயரு. சரி.

தம்பி, அந்தச் சொவத்த நல்லாப் பாருங்க. அரைச் செங்கல் என் பக்கம் தள்ளி இருக்குது. பாத்தாத் தெரியாது, படுத்தாத் தெரியும். சைட்டு எங்கப்பா வாங்கினது, ஆளுக்குப் பாதி. நான் வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எழுப்பிட்டான். மாதா கோயில்ல அவனுக்கும் சேத்து மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன், இங்க வந்து பாத்தா என் கட்டிலத் திருப்ப எடமில்ல. சொவத்தோட ஒட்டித்தான் போட வேண்டியதாப் போச்சு. இன்னைக்கும் சொவத்துலதான் தல இருக்குது. கட்டினதும் மெல்லிசு சொவரு, கஞ்சப் பய. அந்தாண்ட மூச்சு விட்டா எனக்குக் கேக்கும்.

அவன் மூச்சா விடறான்? இருமறான். கோலார் மைன்ஸ்ல தூசி தின்ன ஒடம்பு. ரெண்டு பேரும் கேஜிஎஃப் லைன் வீட்டுலதான் பொறந்தோம். நான் தப்பிச்சு இங்க ஆட்டோவுக்கு வந்துட்டேன். அவன் எங்கப்பா மாதிரியே உள்ள எறங்கினான், மைன்ஸ மூடினப்புறம்தான் வெளிய வந்தான். விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிப்பான் பாருங்க, குளுருல ஸ்டார்ட் ஆவாத டீசல் லாரி மாதிரி. கர்ருன்னு இழுக்கும், நிக்கும், மறுபடியும் இழுக்கும். அப்புறம் காறித் துப்புவான். தெனம் எனக்கு அதுலதான் விடியும். அலாரம்னு ஒண்ணு நான் வச்சதே இல்ல. திட்டிக்கினே எந்திரிப்பேன். நானும் சும்மா விடமாட்டேன், பால் குண்டான மேடையில டொம்முன்னு வைப்பேன். அவன் இன்னொரு வாட்டி இருமுவான். வேணும்னேதான். எனக்குத் தெரியாதா?

ஒரு சந்தேகம் தம்பி. சத்தம் வரலன்னா செத்துதான் போச்சுன்னு எப்படிச் சொல்றது? ஒயரு அறுந்திருக்கலாம்ல? இல்ல, ஒயர எலி கடிச்சிருக்கலாம்.

ஆங். அதுதான் பெரிய பேஜாரா? ரெண்டும் உசுரோடதான் இருக்கும், ஒண்ணு செத்துடுச்சுன்னு இன்னொண்ணு நெனச்சுக்கும். அதுக்குத்தான் மூணாவதா ஒண்ணு வைப்பீங்களா? விட்னஸ்ஸு. சாட்சி. சின்ன டிஸ்க்கு போதுமா? பெரிய வேலையெல்லாம் அதுக்கு ஒண்ணுமில்லையா? ரெண்டு பக்கமும் சேராம நின்னு, யாரு இருக்கான்னு சொன்னா போதும். அவ்ளோதானே?

அப்போ நீங்களே போதும் தம்பி.

வெளிய போயி முக்குல திரும்புங்க. பச்ச கேட்டு. பெல்லு அடிக்காது, தட்டணும். ஒயரு எந்த எடத்துல வருதுன்னு பாக்க வந்தேன்னு சொல்லுங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

ஜூலியாவுக்கு போனப் போட்டு என்னன்னு சொல்றது? அது நடு ரோட்டுலேர்ந்து அலறிக்கினு ஓடியாரும். இங்க அவன் வாசப்படில உக்காந்து பல்லு வெளக்கிக்கினு இருப்பான். தெருவே சிரிக்கும். நானா? நான் எப்படிப் போறது? அண்ணி சாவுலயே கல்லறையில பின்னாடி நின்னு மண்ணு போட்டுட்டு அப்படியே வந்தவன். அந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கல.

பால் குண்டான மூணு வாட்டி வச்சுப் பாத்துட்டேன் தம்பி. பாருங்க, அடி நசுங்கிப் போச்சு.

தட்டியும் தெறக்கலன்னா, இந்தாங்க சாவி. அந்த வீட்டுச் சாவிதான். கடசியா ஆஸ்பத்திரிக்குப் போறப்போ அண்ணி எங்கையில குடுத்துட்டுப் போச்சு. அவனுக்குத் தெரியாது.

தெறந்துட்டான்னா, சொவத்துல ஓட்ட போட உங்க தம்பி ஒத்துக்கலன்னு சொல்லுங்க. மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க, பயப்படாதீங்க. கத்துவான். நல்லாக் கத்தட்டும். கோவம் வந்தா எங்கண்ணனுக்கு இருமல் பிச்சிக்கும். நான் இங்க சொவத்தாண்டயே நிக்கறேன். எனக்குக் கேக்கும்.