பழுது ஃபைல்

டீ குடிக்காமல் எனக்கு வேலை ஓடாது. வாங்கிக் கொடுத்தீங்க, சந்தோசம். இனி எழுதிக்குங்க ஏட்டய்யா.

சங்ககிரி லாரி ஆபீசில் ரொம்ப வருசமாக நான்தான் பட்டறை மேஸ்திரி, மாரியப்பன். எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கும். நான் தலையாட்டாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. போன வருசம், எண்பத்தாறில், முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கென்று சௌந்திரம் வந்தாள். டிரைவர்கள் சொல்லும் கோளாறை ஒரு ஃபைலில் ஏற்றி, காலையில் தாளில் அடித்துத் தருவாள். தாளில் இருக்கிற வண்டி பட்டறைக்கு, இல்லாதது ரோட்டுக்கு.

"மேஸ்திரி, இனிக் கரண்டு போனா மட்டும் உங்களைக் கேட்டுக்கறமுங்க" என்றான் டிரைவர் குழந்தைவேல். முதலாளியும் சிரித்தார்.

நான் அவள் பின்னால் நின்று பார்க்க ஆரம்பித்தேன். நல்ல பெண்தான், கேட்டால் சொல்வாள். "ஃபைலை அப்பெண்டுன்னு திறந்தா பழசுக்கு அடியில புதுசு சேருமுங்கண்ணா. அவுட்புட்டுன்னு திறந்தா பழசு பூராவும் அழிஞ்சுரும்."

ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிகளைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துப் படித்தவன் நான். அவள் சோறு உண்ணப் போன நேரத்தில் கம்ப்யூட்டரில் அப்பெண்டு என்றிருந்த அந்த ஒரு சொல்லை அவுட்புட்டு என்று மாற்றிவைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோளாறு ஏறும்போதும் முந்தினது அழிந்தது. மறுநாள் தாளில் ஒரே ஒரு வண்டிதான். சௌந்திரம் நெற்றியைச் சுருக்கினாள். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

பிரேக் பிடிப்பு கம்மி என்று முந்தின நாள் காலையில் குழந்தைவேல் சௌந்திரத்திடம் சொல்லியிருந்தான். அவன் வண்டியில் யாரும் கைவைக்கவில்லை. எனக்குத் தெரியும். கேட்டில் நிறுத்திக் கேட்டான்.

"பிரேக்கு பாத்தாச்சுங்களா மேஸ்திரி?"

"தாள்ல உன் வண்டி இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்புறமென்ன, எடு சாமி."

டயருக்கு எலுமிச்சம்பழம் நானே வைத்தேன்.

பெங்களூர் போய்த் திரும்புகையில் தொப்பூர் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. உடம்பை அடையாளம் காட்டப் போனதும் நான்தான்.

தன் கைதான் தப்பாக அடித்துவிட்டது என்று சௌந்திரம் அழுது எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீங்க. அவளுக்குத் தப்பு வராதுங்க. மாற்றினது நான். எழுத்து ஒன்றுகூடப் பிசகாமல் மாற்றினேன். பொறாமைன்னு மட்டும் எழுதிராதீங்க, அந்தப் புத்தி எனக்குக் கிடையாது. ஆபீசில் எல்லாத்துக்கும் அவள் பேர்தான். இதிலாவது அதை அடிச்சுட்டு என் பேரைப் போடுங்க.