ரப்பரால் அழித்த முப்பத்தாறு விடைகள்

பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, இன்று இக்கல்லூரிக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைத்திருக்கும் மாணவிகளே, வணக்கம். சேர்க்கை அலுவலகத்தில் இருந்து பிரெஞ்சுத் தேர்வுத் தாள்களைத் திருத்துபவள் நான். உங்களை இருபது நிமிடங்கள் காக்க வைத்தமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். உங்களுக்குரிய படிவங்களை நகலெடுக்கும் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. இயந்திரத்தின் மீது பழி போடுவது எளிது... நேற்றே நான் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

நாளை மறுநாள் பிரெஞ்சு மொழிக்கான நிலையறி தேர்வு. இது உங்களைத் தேர்ச்சி பெறச் செய்யவோ, தோற்கடிக்கவோ நடப்பதன்று. ஆரம்ப வகுப்பா, இடைநிலை வகுப்பா, உங்களுக்கு எது பொருந்தும் என்று அறிவதற்கு மட்டுமே. இதை எவ்வளவு விளக்கினாலும் விடுதியில் மூத்த மாணவிகள் உங்கள் காதில் வேறொன்று ஓதுவார்கள். அதனால் விளக்கத்தை நிறுத்திவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சின்னதுதான். கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், சேர்க்கை நாளன்று, புதுச்சேரியிலிருந்து ஒரு தந்தையும் மகளும் என் மேசைக்கு முன் வந்து நின்றார்கள். தந்தை சவரிநாதன், கடற்கரைப் பக்கம் ஆட்டோ ஓட்டுபவர். காக்கிச் சட்டையோடுதான் வந்திருந்தார். மகள் ரெஜினா. நான் விண்ணப்பத்தைக் கையில் எடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, எம் பொண்ணு பிரெஞ்சு அருவி மாதிரி பேசும்மா! சின்ன வயசுலேர்ந்து ஞாயித்துக்கெழமை ஆனா ஆட்டோவுல எம் பக்கத்துலதான் ஒக்காந்திருக்கும். ஏறுற வெள்ளக்காரங்க எறங்கவே மாட்டாங்க, இதுகிட்ட பேசிட்டே இருப்பாங்க!"

அந்தப் பெண் அவர் காலை மிதித்தாள். நான் பார்த்தேன்.

"அப்பா, சும்மா இருங்கப்பா! மேடம், இவரு இப்படித்தான், எல்லாத்தையும் பெருசாக்குவாரு. எனக்கு வணக்கத்துக்கு போன்ழூர், நன்றிக்கு மெர்சி, ரெண்டுதான் தெரியும்."

சவரிநாதன் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமாம்மா... நாந்தான் ஏதோ ஒளறிட்டேன்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னாள்? உங்களுக்குத் தெரியும்! சிரிக்கிறீர்களே, அங்கே பின்வரிசையில்... உங்களுக்குத் தெரியும். 'தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி எழுதுடி. ஆரம்ப வகுப்புல போய் ஒக்காந்தா படிக்காமலே நூத்துக்கு நூறு.' யாரோ அவள் காதிலும் ஓதியிருந்தார்கள்.

தேர்வு முடிந்தது. நாற்பது வினாக்கள், நான்கு சரி. ஆரம்ப வகுப்பு என்று எழுதப் போன நான், எதற்கோ அந்தத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என்ன கண்டேன்? முப்பத்தாறு விடைகளைப் பென்சிலால் சரியாகக் குறித்து, பின்பு ரப்பரால் அழித்து, ஒவ்வொன்றாகத் தவறாகக் குறித்திருந்தாள். அழித்த தடம் அப்படியே இருந்தது.

கூப்பிட்டுக் கேட்டேனா? கேட்கவில்லை. 'தாள் சொல்வதே தீர்ப்பு' என்று எனக்குள் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டு, ஆரம்ப வகுப்பு என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஓராண்டு கழிந்தது. பிரான்சிலிருந்து ஒரு கல்லூரி கடிதம் அனுப்பியது. ஒரே ஓர் இடம். ஆறு மாதம் அங்கே தங்கிப் படிக்கலாம். முதலாண்டிலேயே இடைநிலை வகுப்பில் இருந்திருக்க வேண்டும். வகுப்புப் பிரிப்பில் பிழை நேர்ந்திருந்தால், பத்து நாளுக்குள் கல்லூரி விளக்கம் எழுதலாம்.

ரெஜினா ஓடி வந்தாள். மூச்சு வாங்கியபடியே பிரெஞ்சில் பேசினாள். அருவிதான்... தந்தை சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. பிறகு தமிழில், "மேடம், தப்பு எம்மேலதான். அப்படியே எழுதிடுங்க. ஒரு வரி போதும் மேடம்" என்றாள்.

ஒரு வரி! அவள் வேண்டுமென்றே தவறாக எழுதினாள் என்று நான் எழுதினால், அடுத்த கேள்வி என்ன? உமக்கு எப்படித் தெரியும்? எப்போது தெரிந்தது?

அவையோரே, நான் கல்லூரிப் படி ஏறிப் படித்தவளல்லேன். இதே அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, அகராதியும் பழைய பாடநூலும் வைத்துக்கொண்டு, தனியாகவே பிரெஞ்சைக் கற்றவள். என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இராது என்பது என் பெருமை. 'பட்டமில்லாதவளை உட்கார வைத்தால் இப்படித்தான்' என்று ஒருவர் சொல்லிவிடுவாரோ என்ற அச்சம்... அதுதான் என் கையைப் பிடித்தது.

ஐந்து முறை எழுதினேன். ஐந்தும் அழகான கடிதங்கள். இலக்கணப் பிழை இல்லை, பணிவுக்குக் குறைவில்லை. 'நான் அன்றே கண்டேன்' என்ற ஒரு வரி மட்டும் எதிலும் இல்லை. ஐந்தையும் கிழித்தேன். பதினோராம் நாள்தான் அந்த வரியை எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன்.

பதில் அன்றே வந்தது. 'தங்கள் விளக்கத்தை ஏற்கிறோம். வருந்துகிறோம், அந்த இடம் நேற்று நிரம்பிவிட்டது.'

நேற்று!

விடுமுறைக்கு மகளை அழைத்துப் போக வந்த சவரிநாதன் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அன்னைக்கு நான் அழுத்திச் சொல்லியிருக்கணும்மா. எம் பொண்ணு கால மிதிச்சதும் நாந்தான் பின்வாங்கிட்டேன். என் தப்புதான்."

என் தப்பை அவர் எடுத்துக்கொண்டு போகிறார்... நான் கைகட்டி நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. அவர் இந்த அரங்கில் இல்லை. உங்களிடம் சொல்லி என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் உங்களுக்குத்தான்.

மாணவிகளே, தெரிந்ததைத் தெரியும் என்று எழுதுங்கள். நூற்றுக்கு நூறு என்ற எண்ணுக்காக அப்பாவைப் பொய்யராக்காதீர்கள். பெற்றோர்களே, பிள்ளை காலை மிதித்தாலும் பின்வாங்காதீர்கள். ஆசிரியர்களே, தாளில் அழித்த தடம் கண்டால் அன்றே கூப்பிட்டுக் கேளுங்கள். உண்மையைச் சொன்னேன், நானும்தான் சொன்னேன்... ஒரு நாள் பிந்திச் சொன்னேன்.

இப்போது உங்கள் கைக்கு வரும் படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் உள்ளது. பிரெஞ்சு உங்களுக்கு எவ்வளவு தெரியும், எங்கே கற்றீர்கள்? ஆட்டோவில் கற்றிருந்தால் ஆட்டோ என்றே எழுதுங்கள். நாளை மாலை நான்கு மணிக்குள் என் மேசைக்கு வர வேண்டும். தயவுசெய்து விரைந்து பதில் தாருங்கள்.