முதலில் பாலிசி, பிறகுதான் ஸ்டார்ட்

பெயரும் விலாசமும் மேலே எழுதியபடி. வயது நாற்பத்தாறு. நான்காம் வகுப்பு வரை படித்தேன். ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் அறையைத் துடைக்கும் வேலை செய்கிறேன். அந்த அறையில் இன்ஜினியராக இருந்தவன் என் உடன்பிறந்த தம்பி. சென்ற மாதம் மூன்றாம் தேதி சாலை விபத்தில் இறந்துபோனான்.

அங்குள்ள பெரிய கம்ப்யூட்டரின் இடப்பாதியில் ஒரு மெமரி, வலப்பாதியில் ஒரு மெமரி. உள்ளே, தனித்தனிக் கம்ப்யூட்டர்கள்போல இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். இரண்டுக்கும் பொதுவான தகவல் ‘ஹியூஜ் பேஜ்’ என்னும் பெரிய துண்டுகளில் இருக்கும். துண்டுகளை இரு பாதியிலும் சமமாக வை என்று தம்பி எழுதிய கட்டளைதான் பாலிசி. “எல்லாத்தையும் ஒரே பாதில குவிச்சா நெரிசல்ல மாட்டிக்கும்க்கா. மெஷின் ஓட ஆரம்பிச்சிட்டா வச்சது வச்சதுதான், அப்புறம் பாலிசி போட்டு என்ன பிரயோஜனம்?” என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வான்.

அதே மாதம் பத்தொன்பதாம் தேதி காலை மின்சாரம் போய் வந்ததால் எல்லாவற்றையும் மறுபடி இயக்க வேண்டியிருந்தது. மேனேஜர் அவசரப்படுத்தினார். ஆபரேட்டர், “சார், பாலிசி போடாம ஸ்டார்ட் பண்ணா இன்ஜினியரு கத்துவாரு” என்றார். அதற்கு மேனேஜர், “செத்தவன் எந்திரிச்சு வந்து கத்தப்போறானா? அத அப்புறம் போட்டுக்கலாம்” என்றார். நான் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு மெஷின்கள் ஓடின, அதன் பிறகுதான் பாலிசி போட்டார்கள். மதியம் பதினொரு நிமிடம் அழைப்புகள் நின்றுபோயின. அதன் பிறகு, என் தம்பி வேண்டுமென்றே பாலிசியைத் தப்பாக எழுதிவைத்தான் என்று நிறுவனம் புகார் கொடுத்தது.

இன்று காலை இன்ஸ்பெக்டர் ஐயா முன்னிலையில், அன்று இருந்தபடியே வைத்திருந்த அந்தக் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து வந்த நிபுணர் அம்மா பார்த்தார். திரையில் இடப்பாதியில் எண்பது துண்டுகள், வலப்பாதியில் பூஜ்யம். “பாத்தீங்களா, அவன் எழுதினது வேலை செய்யல” என்றார் மேனேஜர். “நிறுத்திட்டு, முதல்ல பாலிசி போட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்கம்மா! அவன் எழுதினதுல ஒரு எழுத்தக்கூட மாத்தாதீங்க!” என்று கத்திவிட்டேன். “நீ தொடைக்கிற வேலையப் பாரு” என்றார் மேனேஜர். “அன்னைக்கும் அதத்தான் சார் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றேன்.

நிபுணர் அம்மா அப்படியே செய்தார். எண்கள் ஏறின. இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. இருபது, இருபது. நாற்பது, நாற்பதில் வந்து நின்றன. காவலர் “உக்காரும்மா, உக்காரு” என்று இருமுறை சொல்லியும் என்னால் உட்கார முடியவில்லை. ஆபரேட்டரும் அன்று நடந்ததை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு, இந்த வாக்குமூலத்தில் ஒரு விஷயத்தை மட்டும் தனி வரியில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

என் தம்பி எழுதிய பாலிசி சரியானது.

படித்துக் காட்டியதைக் கேட்டேன். அந்த வரியை மட்டும் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னேன். நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் தவிர இதில் வேறெதுவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)