ஏழாம் நம்பர் கவர்

நான் ஹாக்கி மட்டையை ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. பேப்பர்க்காரர்கள் என்னை முன்னாள் ஆட்டக்காரன் என்று எழுதியிருக்கிறார்கள். தப்பு. முப்பத்திரண்டு வருஷம் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன் நான். பேர் கோவிந்தராஜ். ஏற்காட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரைட்டர் என்றால் போதும்.

காபிக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நேற்று கேட்டீர்கள். பங்குனியில் ஒரு மழை பெய்யும். அதற்கு ஒன்பதாம் நாள் செடியெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும், காடு காடாக நடந்து பார்த்து, இந்த வருஷம் இத்தனை மூட்டை காணும் என்று ரைட்டர் எழுதித் தரவேண்டும். எங்கள் முதலாளி பெரியநாயகம் அந்தத் தாளைக் கவரில் போட்டு, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டிவிடுவார். பறிப்பு முடிந்த பிறகுதான் பிரிப்பார். நடுவில் திருத்தம் கிடையாது. அது அவருடைய அப்பா காலத்து வழக்கம்.

என் கவர் ஒரு வருஷமும் பொய்த்ததில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் மகசூல் நான் எழுதியதைத் தாண்டும் போலிருந்தது. கீழ்க்காட்டில் நாகப்பாம்பு நடமாடுகிறது என்று சொல்லி ஆட்களை நிறுத்தினேன். பழம் செடியிலேயே கறுத்து உதிர்ந்தது. கலா என்று ஒரு பெண், பழம் பறிக்கிறவள், "பாம்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க ரைட்டரே, நானே போயிப் பாத்தனுங்க" என்றாள். மறுநாள் அவளை நாற்றுப் பண்ணை வேலைக்கு மாற்றினேன். கவர் பிரித்த அன்று முதலாளி எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கலாவும் கைதட்டினாள். நல்ல மனசுக்காரி.

நான் ஓய்வு பெற்ற பிறகு பெரியநாயகம் என்னை விடவில்லை. அவருக்கு ஹாக்கிப் பைத்தியம். சேலத்தில் அவர் நடத்தும் பெண்கள் அணி மாநில லீக்கில் ஆடுகிறது. மேலே மலையில் ஒரு சின்ன அணி. அங்கே பிள்ளைகளை வளர்த்து, தேறியவர்களைக் கீழே இருக்கும் பெரிய அணிக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை முன்னேறிவிட்டாள் என்றால் மலையிறங்கிவிட்டாள் என்றுதான் சொல்வோம். எந்தப் பிள்ளை வளர்கிறாள், எவள் நின்றுவிட்டாள் என்று மாதாமாதம் பார்த்து எழுதுவது என் வேலை. அதைவிட முக்கியம், புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற அன்றே நான் ஒவ்வொருத்திக்கும் ஒரு கவர் எழுதித் தரவேண்டும். இவள் மலையிறங்குவாளா, மாட்டாளா. மூன்று வருஷம் கழித்து, பெரிய அணிக்கு ஆள் எடுக்கும்போது, அதுவரை விலகாமல் இருக்கும் பிள்ளைகளின் கவரை மட்டும் அரக்கு உடைத்துப் பிரிப்பார்கள். காபிக்குச் செய்ததைத்தான் செய்தோம்.

பதினோரு வருஷத்தில் முப்பத்து நாலு கவர் பிரித்தார்கள். முப்பத்து நாலும் சரி.

ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள், மட்டையைப் பார்ப்பார்கள், சிலர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இரக்கப்படுவார்கள். நான் மைதானத்தின் தாழ்வான மூலையில் ஒரு கல்லில் உட்கார்ந்து கால்களை மட்டும் பார்ப்பேன். திரும்பும்போது கணுக்கால் எப்படி நிற்கிறது, நிறுத்தும்போது முட்டி எந்தப் பக்கம் போகிறது. முகம் பார்த்தால் கணக்குக் கெட்டுவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன், ஆடி மாதம், பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். நம்பர் பனியன் போட்டு ஓடினார்கள். ஏழாம் நம்பருக்கு வேகம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வலது கணுக்கால் உள்ளே சாய்ந்தது. எட்டாம் நம்பர் கொஞ்சம் தாமதமாக, கடைசி வரிசையில் ஓடினாள். அப்படி ஒரு காலை நான் அதுவரை பார்த்ததில்லை. பட்டியலில் ஏழுக்கு நேரே சிவசக்தி, எட்டுக்கு நேரே புவனா. இரண்டு பேரும் வெள்ளக்கடையில் ஒரே எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். ஏழுக்கு இப்படி எழுதினேன்: 'பத்தொன்பது வயது முடிவதற்குள் கால் நின்றுவிடும். மலையிறங்கமாட்டாள்.' எட்டுக்கு ஒரே வார்த்தை: 'இறங்குவாள்.'

சிவசக்தி அந்தக் கலாவின் மகள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் எழுதிய மாத அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். ஒரு வரிகூடப் பொய் இருக்காது. சிவசக்தியின் ஓட்டம் மாதத்துக்கு மாதம் கூடியது என்று எழுதியிருக்கிறேன். புவனாவின் வலது கணுக்கால் சாய்கிறது என்றும் எழுதியிருக்கிறேன். பக்கத்திலேயே, ஷூ பழசு என்று குறித்திருப்பேன். புது ஷூ வாங்கிக் கொடுத்த பிறகும் சாய்ந்தது. ஷூ பழகவில்லை என்று எழுதினேன்.

சிவசக்தி வாயாடி. நான் காலை மட்டும் பார்க்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் மைதானத்தில் எல்லாரும் இருக்கும்போது, "எங்க ரைட்டரய்யாவுக்கு என்னை ரோட்டுல பாத்தா அடையாளம் தெரியாதுங்க. செருப்பக் கழட்டிக் காட்டோணும்" என்றாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபமில்லை. என்னிடம் அப்படிப் பேசக்கூடிய ஒரே பிள்ளை அவள்தான். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் மலையிலிருந்து ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பதாகச் சொன்னார்கள். கோச் மரியதாஸ் என்னிடம் வந்து, "ரைட்டரே, கலா புள்ளதானுங்க இந்த வருசம். வேற பேச்சே இல்லீங்க" என்றார். அவர் போன பிறகு நான் வெகுநேரம் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். பீரோவில் ஒரு கவர் இருக்கிறது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. அது ஒரு தடவை பொய்த்துவிட்டால், அடுத்த வருஷம் என் பேச்சை எதற்குக் கேட்பார்கள்? ஆளாளுக்கு ஆசைப்பட்ட பிள்ளையை அனுப்புவார்கள். தகுதியில்லாதவர்கள் போய்த் தோற்றுத் திரும்பி வருவார்கள். எத்தனை குடும்பத்துக்கு ஏமாற்றம். நான் என்னைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

சித்திரையில் சிவசக்தி முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலி என்றாள். வலது கால் இல்லை, இடது கால். அதுகூட எனக்கு ஒரு வருத்தம்தான். நானே சேலத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, எலும்பில் மயிரிழை அளவு விரிசல் இருக்கிறது, எட்டு வாரம் ஓடவே கூடாது, ஓடினால் ஒரு நாள் முழுசாக முறியும், ஓய்வு கொடுத்தால் தழும்புகூட இல்லாமல் கூடிவிடும் என்றார். பொறுமையாகச் சொன்னார். எழுதியும் கொடுத்தார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கலா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க ரைட்டரே, படத்துல என்னங்க தெரிஞ்சுது?"

"ஒண்ணுமில்ல கலா. வெறும் சதைப் பிடிப்புதான். ஓட ஓடச் சரியாயிரும்."

"நொம்ப வலிக்குதுங்குதுங்களே. நாலு நாளு ஊட்டுலயே கெடக்கட்டுமுங்களா?"

"இப்ப நின்னா அந்த எடம் புவனாவுக்குப் போயிரும். அப்புறம் உன்ற இஷ்டம்."

அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த பதினாலு வாரம் சிவசக்திக்குத் தனிப் பயிற்சி நான் எழுதிக் கொடுத்தேன். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு வளைவாக அடிவாரம் வரை இறக்கத்தில் ஓடவேண்டும், பிறகு பஸ் ஏறித் திரும்பவேண்டும். ஏற்றத்தில் ஓடினால் மூச்சுக்கு வேலை. இறக்கத்தில் ஓடினால் எலும்புக்கு வேலை. மரியதாஸுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அதனால் அவரிடம் சொல்லவில்லை. ஓடும் முன் விழுங்க வலி மாத்திரை கொடுத்தேன். சத்து மாத்திரை என்று சொன்னேன். வலி தெரிந்தால் பிள்ளை தானாக நின்றுவிடும், பாருங்கள்.

அவள் ஒரு நாளும் நிற்கவில்லை. மழையிலும் ஓடினாள். தினமும் எத்தனை நிமிஷம் என்று வந்து சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். நேரம் குறைந்துகொண்டே வந்தது.

ஆவணியில் தேர்வு ஆட்டம். முடிய ஒன்பது நிமிஷம் இருக்கும்போது, பந்தைத் தட்டிக்கொண்டு இடது ஓரமாகப் போனாள். இரண்டு பேரைத் தாண்டிவிட்டாள். மூன்றாவது ஆளே இல்லை, முன்னால் வெறும் மைதானம். அப்போது முறிந்தது. காய்ந்த சில்வர் ஓக் கிளையை முட்டியில் வைத்து முறிப்போமே, அந்தச் சத்தம். நான் இருந்த மூலை வரை கேட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. நான் மணி பார்த்துக் குறித்துக்கொண்டேன். அவளுக்கு அன்று பதினெட்டு வயதும் ஏழு மாதமும்.

புவனாவை எடுத்தார்கள்.

சிவசக்திக்கு இரண்டு ஆபரேஷன் செய்தார்கள். காயத்தில் சீழ் வைத்துவிட்டது. மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"ரைட்டரய்யா, நீங்க சொன்ன மாதிரியேதான் ஓடுனனுங்க. ஒரு நாளுகூட நிக்கலீங்க."

"தெரியும் கண்ணு. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்" என்றேன்.

அந்த வாரமே எஸ்டேட் பங்களாவில் கவர்களைப் பிரித்தார்கள். பெரியநாயகம் ஏழாம் நம்பர் கவரை எடுத்து வாசித்தார். கால் நின்றுவிடும் என்று வாசித்ததும் நிறுத்தினார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மூணு வருசத்துக்கு முந்தியே எப்படிங்க ரைட்டரே?" என்றார். முப்பத்தைந்தாவது கவர் அது. நான் அடுத்த கவரை எடுத்து நீட்டினேன். பெருமைப்பட்டுக்கொள்கிற சமயமா அது?

நீங்கள் என்னைப் பிடித்ததும் என் ஒழுங்கினால்தான். ஆஸ்பத்திரியில் பழைய ஸ்கேன் கேட்டார்கள். ரைட்டரிடம் இருக்கும் என்று கலா சொல்லியிருக்கிறாள். மரியதாஸ் அதை எடுக்க என் வீட்டுக்கு வந்தார். நான் வெளியே போயிருந்தேன். அலமாரியில் சிவசக்தி என்று பேர் போட்ட ஃபைலில், தேதி வரிசையில், டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் அப்படியே இருந்தது. ரைட்டர் வேலை பார்த்தவன் தாளைக் கிழிக்கமாட்டான். கிழித்திருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன் என்று உங்கள் ஏட்டையா சொன்னார். அவருக்கு அது புரியாது.

ஆக, ஆமாம். விரிசல் இருப்பது தெரியும். ஓடினால் முறியும் என்பதும் தெரியும். தெரிந்துதான் ஓடவைத்தேன். இதில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்லை. பழைய முப்பத்து நாலு கவரைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அந்த ஃபைல்களும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன.

இன்று காலை புவனா கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நான் மாட்டிக்கொண்ட பிறகும் அழாதவன், அதைக் கேட்டுச் சிரித்தேன் என்று உங்களுக்கு அருவருப்பாகிவிட்டது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன், நீங்கள் மறுத்துவிட்டீர்கள். பரவாயில்லை, எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "எங்களச் சேத்த அன்னிக்கு சக்தி வாழவந்தியில அவ மாமன் ஊட்டுக்குப் போயிருந்தாளுங்க. பஸ் வரலீங்க. மொத வரிசையில அவ ஓடலீனா பேர அடிச்சிருவாங்கன்னு, அவ ஏழாம் நம்பர் பனியன நானு போட்டுட்டு ஓடுனனுங்க. அப்புறமா அவ வந்து என்னுத போட்டுட்டு ஓடுனா. ரைட்டரய்யா மூஞ்சியப் பாக்கமாட்டாருன்னு பெரிய புள்ளைக சொல்லி எங்களுக்குத் தெரியுமுங்க."

நான் ஏன் சிரித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக என் கண் கெட்டுவிட்டது என்று நினைத்து ராத்தூக்கமில்லாமல் கிடந்தவன் நான். சாயும் என்று எழுதிய கணுக்கால் சாயவில்லை. சாயக்கூடாத கணுக்கால் சாய்கிறது. வயசாகிவிட்டது, ரைட்டர் முடிந்துவிட்டான் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். ஆனால் கண் கெடவில்லை, அம்மா. ஏழாம் நம்பர் பனியனுக்குள் இருந்த காலை நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். எட்டாம் நம்பரையும்.

சிவசக்தி விஷயம் வருத்தம்தான். அந்தக் கவர் அவளைப் பற்றியதே இல்லை என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால், அந்த ஸ்கேனை அன்றைக்கே மரியதாஸ் கையில் கொடுத்திருப்பேன். பிள்ளைகள் விளையாட்டாகப் பனியன் மாற்றியதால் வந்த வினை. கலாவிடம் இதைச் சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. ஏழாம் நம்பர் கவர் புவனாவுடையது என்றால், அது இன்னும் நிறைவேறவில்லை. அவள் பெரிய அணியில் ஆடிக்கொண்டிருக்கிறாள். தை மாதம் பன்னிரண்டாம் தேதி அவளுக்குப் பத்தொன்பது முடிகிறது. அதற்குள் எனக்கு ஜாமீன் கிடைக்குமா என்று வக்கீலிடம் கேட்டுச் சொல்லுங்கள்.